நூறு என்ற எண்ணை ஏற்ற இரண்டு வழி

மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் நானும் என் சிநேகிதியும் கோவில்பட்டியில் அதற்கு ஆணை எழுதும் அசெம்பிளர் மொழி படித்தோம். ஜவுளிக்கடை மாடியில் இருந்த அந்த சென்டரில் கரும்பலகையும் சாக்பீஸும்தான் மெஷின். அவள் கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடக் கெட்டிக்காரி, அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டரில் தேதியெல்லாம் குழம்பிவிடும் என்று கம்பெனிகள் ஆள் தேடிய நேரம். சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போனோம். "இந்த ஒரு தடவதான். கெடைக்கலன்னா மாமன் மகனக் கட்டிக்க வேண்டியதுதான்" என்று அவள் அப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

கேள்வி இதுதான்: நூறு என்ற எண்ணை ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். ரெஜிஸ்டர் மெஷினின் உள்ளங்கை மாதிரி. நான் 'எல்ஏ' போட்டு, அந்த ஆணைக்குள்ளேயே நூற்றை எழுதிவிட்டேன். அவள் நூற்றை மெமரியில் ஓரிடத்தில் வைத்து, 'எல்' போட்டு அங்கிருந்து எடுத்தாள்.

"இத்துனூண்டு எண்ணுக்கு எதுக்கும்மா மெமரி வரைக்கும் போயிட்டு வர்றே?" என்றார் கேட்டவர்.

"நாளைக்கு நூறு மாறிச்சுன்னா ஒரு எடத்துல மாத்துனா போதும்லா சார்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். எனக்கு வேலை கிடைத்தது. அவளுக்கு வைகாசியில் கல்யாணம்.

சில வருஷம் கழித்து எங்கள் ஆபீஸில், ஒரு பழைய புரோகிராமில் இருந்த உச்சவரம்பை ஐயாயிரமாக உயர்த்தச் சொன்னார்கள். எல்ஏவுக்குள் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு மேல் கொள்ளாது. என்னைப் போன்ற புத்திசாலிகள் கண்ட இடத்திலெல்லாம் எழுதி வைத்திருந்த அந்த எண்ணைத் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் அவள் வழிக்கே மாற்றினோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளிடம் சொல்லியே தீர வேண்டும் என்று லீவு போட்டுக் கிளம்பினேன்.

ஓட்டப்பிடாரம் பக்கம் வாக்கப்பட்ட வீட்டில், வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அன்னைக்கு நீ எழுதுனதுதான் சரி! இப்ப நாங்களே அப்படித்தான் மாத்தியிருக்கோம்" என்றேன், சீர் கொண்டுவந்தவளைப் போல.

அவள் பசைக்கையைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

"தப்பா எழுதிட்டோம், அதான் கெடைக்கலன்னு மனசத் தேத்தி வச்சிருந்தேன். இத ஏன்டி இப்ப வந்து சொல்லுத?"

அவளுக்கென்று இருந்த ஒரே ஆறுதலை, மெனக்கெட்டு பஸ் பிடித்துப் போய்ப் பிடுங்கிவிட்டு வந்தேன்.