பூட்டியிருந்ததாக நான் எழுதிய வீடு

போன வருஷம் மழை ஓய்ந்த சமயம், எங்கள் தீவில் வண்டூர் பக்கம் நடந்தது. வீடு வீடாகப் போய் வருமானம், செலவு விசாரித்து டேப்லெட்டில் ஏற்றுவது என் வேலை. இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கணக்கிடத்தான் அந்த சர்வே. பட்டியலில் மிச்சமிருந்த ஒரே வீடு உப்பாற்றுக்கு அக்கரையில். நாலரை மணி பஸ்ஸை விட்டால் டெலானிபூரில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்புவது பெரும்பாடு. 'வீடு பூட்டியிருந்தது' என்று போட்டுவிட்டு, ரோட்டோரமாக வேறொரு வீட்டை எடுத்துக்கொள்ளலாமென்று முடிவு செய்தேன். எங்களில் பலர் செய்வதுதான்.

ஆனால் வீட்டுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் நின்றால்தான் டேப்லெட் அந்தப் பதிலை ஏற்கும். சேற்றில் இறங்கினேன். இன்னும் நாலடி, இன்னும் ரெண்டடி என்று திரையையே பார்த்துக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குப் போய்விட்டேன். பதிவானது. அப்பாடா என்று நிமிர்ந்தால், பத்தடி தள்ளி மிதந்த கட்டைக்குக் கண் இருந்தது.

கரையில் முதலை போர்டைப் பார்த்துவிட்டுத்தானே இறங்கினேன், புத்தி எங்கே போயிற்று? காலை இழுத்தால் சேறு விடவில்லை. ஸ்கூல் விட்டு வந்து நிற்கப்போகும் என் மகளின் முகம்தான் தெரிந்தது.

அக்கரையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "தீதி, பீச்சே ஹடோ!" அக்கா, பின்னால் போ என்கிறாள். போக முடிந்தால்தானே! துடுப்பால் தன் சின்னப் படகைப் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கண் தண்ணீருக்குள் மறைந்தது. அதுதான் இன்னும் பயம், எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லையே. என் கையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். செருப்பு சேற்றோடு போயிற்று.

தன் வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். சர்க்கரை இல்லை என்று அவள்தான் வருத்தப்பட்டாள். யார் வீட்டுக்கு வந்தேன் என்று கேட்டாள். பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னேன். அவள் புருஷன் பெயர்.

ஹிந்தியில் மெதுவாகச் சொன்னாள்: "போன தடவை வந்தவங்க வீடு பூட்டியிருந்ததுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்களாம். பூட்டு எங்கே தீதி மாட்டுறது?"

தார்ப்பாய்ச் சுவர். வாசலில் ஒரு பழைய புடவை தொங்கியது. கதவே இல்லை.

எழுதியதை அழித்துவிட்டு, முதல் கேள்வியிலிருந்து கேட்டேன். பஸ் போய்விட்டது. இப்போதும் 'வீடு பூட்டியிருந்தது' என்ற கட்டத்துக்கு விரல் போனால், அந்தச் சேறு காலைப் பிடிக்கிறது. என்னை உயிரோடு திருப்பி அனுப்பிய வீட்டையே கணக்கில் இல்லாமல் செய்யப் பார்த்தேனே என்று விரலை எடுத்துவிடுகிறேன்.