காலி நாற்காலிக்கு எடுத்த லீவு

வளைகுடாவில், முவைலா லேபர் கேம்ப்பில், எங்கள் அறையில் லீவுக்கு முறை உண்டு. ஒருவர் ஊரிலிருந்து திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். அந்தத் தடவை முறை யாழ்ப்பாணத்துக்காரருடையது. மகளுக்குச் சாமத்திய வீடு, எங்கள் பக்கம் சடங்கு என்போமே, அதற்காக வைத்திருந்தார்.

என் தம்பி செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருக்கிறான். மேல்முறையீடு அந்த மாதம் ஹைகோர்ட்டில் விசாரணைக்கு வரும், குடும்பத்தில் ஒருவர் இருந்தால் நல்லது என்று வக்கீல் சொன்னார். நான் வாய்விட்டு யாரிடமும் கேட்கிறவன் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை. பிள்ளைய நான் வீடியோவில பாக்கிறன்" என்றார்.

போனேன். வழக்கு வரவில்லை.

"ஜட்ஜுங்க பத்தல. புதுசா ஜட்ஜா போடச் சொல்லி அனுப்புன பேரெல்லாம் டெல்லியில கிடக்கு" என்றார் வக்கீல். அதில் ஒருவர் எப்போதோ எதிர்க்கட்சிக்காக வாதாடியவராம், அதனால் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். லீவு முடிந்தது. தம்பியைக் கம்பிக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

என் கட்டிலுக்குக் கீழே படுப்பவர் ஆளுங்கட்சி. விஷயம் கேட்டுச் சிரித்தார். "நிறுத்துனது சரிதான் பங்காளி. அவங்க ஆளை உக்கார வச்சா, நம்மளையில்ல தூக்கி உள்ள வைப்பான்?"

எதிர்க் கட்டில்காரர் எதிர்க்கட்சி. அவரும் விடவில்லை. "ஆடுங்கடா. நாங்க வந்ததும் உங்க ஆளு ஒருத்தன் பேரு நகருதான்னு பாரு."

அந்த நாற்காலியில் யார் உட்காரக் கூடாது என்பதே இருவருக்கும் பேச்சு. அதன் முன்னால் நிற்கக் காத்திருப்பவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு, சட்டம் தெரியாது. பிடிக்காத பெயர் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் அமுக்கி வைப்பது என்ன நியாயம்? எங்கள் போர்மேன்கூட லீவு கிடையாது என்றால் அரபியில் 'மாஃபி', இல்லை, என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

அப்போது தம்பி மனைவி போனில் வந்தாள். தம்பியைப் பார்த்துவிட்டு வந்தால் கூப்பிடுவாள். ஸ்பீக்கரில் போட்டுக் கீழ்க் கட்டில்காரர் மடியில் வைத்தேன்.

"மாமா, தேதி குடுத்துட்டாங்களான்னு கேட்டாரு. அவருகிட்ட என்ன சொல்லட்டும்?"

"நீங்களே சொல்லுங்க" என்றேன் அவரிடம்.

அவர் போனைப் பார்த்தார். எதிர்க் கட்டிலைப் பார்த்தார். அந்தக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"

யாழ்ப்பாணத்துக்காரர்தான் எட்டி எடுத்து, "இன்னும் இல்லையாம் பிள்ளை" என்றார்.