குறையில்லாத ஊர்

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரின் துணைச் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தபோது, மருத்துவச் சேவையை மதிப்பீடு செய்வது எப்படி என்று படிக்க ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஊசி போடுகிறவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

போன பிறகு ஆசை வந்துவிட்டது. எங்கள் நிலையத்தைச் சாயந்தரமும் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்திருந்தது. ஊர்ப் பெண்கள் பலர் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர்கள். அவர்கள் கரையேறும்போது நான் கதவைப் பூட்டிவிட்டு ராமநாதபுரம் பஸ்ஸில் இருப்பேன். முறையாக விசாரித்து எழுதிக் கொடுத்தால் மேலிடம் காதில் வாங்கும் என்று நம்பினேன்.

வீடு வீடாகப் போய், சேவையில் குறை ஏதும் உண்டா என்று கேட்டேன். “ஒரு குறையுமில்ல நர்ஸம்மா.” எல்லா வீட்டிலும் இதே பதில். ஒரு வீட்டில் பொரித்த மீனும் கொடுத்தார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. ஊரே சேர்ந்து என் ஆசையில் மண்ணைப் போடுகிறதே என்றிருந்தது.

பயிற்சியில் பாடம் எடுத்தவர் என்னைவிடச் சின்னப் பெண். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “குறை இருக்கான்னு கேட்டா மரியாதைதான் பதிலா வரும். கடைசியா உடம்புக்கு முடியாம போனப்ப என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க.”

மறுபடி போனேன். மீன் கொடுத்த அக்காவின் காலில் சேலைத் துணி சுற்றியிருந்தது.

“எப்பக்கா காயம் பட்டுச்சு?”

“போன வாரம். கடலுக்குள்ள பாருப் பாறை கிழிச்சிருச்சு. மஞ்ச வச்சுப் பாத்தேன், சீழ் வச்சிருச்சு. பெறகு ஆட்டோ புடிச்சு மண்டபம் போனேன்.”

“இங்கன வந்திருக்கலாம்ல?”

“நாங்க கரையேறுறப்ப நீங்க இருந்தாத்தானே?”

“பெறகு ஏன் அன்னைக்குக் குறையில்லன்னு சொன்னீக?” என் குரல் உயர்ந்துவிட்டது.

“குறை சொன்னா ஒங்களத்தானே மாத்துவாக? முன்னாடி இருந்த அம்மாவ அப்படித்தான் தூக்குனாக. திட்டுனாலும் நீங்க நல்லாப் பாக்குறீக. இருந்துட்டுப் போகட்டும்னுதான் எல்லாரும் பேசி வச்சுக்கிட்டோம்.”

என்னைக் காப்பாற்ற ஒரு ஊரே வாயை மூடியிருக்கிறது. இது நிலையத்தைப் பற்றிய விசாரணை, என்னைப் பற்றியதில்லை, யாரையும் மாற்ற மாட்டார்கள் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வீடாக உண்மை வந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. சாயந்தரமும் நிலையம் திறந்திருக்கும். அதற்கு ஊரிலேயே தங்குகிற நர்ஸ் வேண்டும். என் மகள் ராமநாதபுரத்தில் பள்ளிக்கூடம் போகிறாள், என்னால் தங்க முடியாது. என்னை நயினார்கோவில் பக்கம் மாற்றினார்கள். அந்தப் பெண்கள் பயந்ததுதான் நடந்தது.

ஒரு நாள் அந்த அக்காவே போன் செய்தார். புது நர்ஸ் எப்படி என்று கேட்டேன்.

“ஒரு குறையுமில்ல.”

அந்தப் பதிலை நான் இனி வாங்கிக்கொள்வேனா?

“கடைசியா எப்பக்கா போனீக?”

“நேத்து சாயந்தரம். மறுபடி காலக் கிழிச்சிருச்சு. கரையேறுன ஈரச் சேலையோடயே போனேன். லைட்டப் போட்டுத் தொறந்து வச்சிருந்தாக. மருந்து வச்சுக் கட்டிவிட்டாக. திட்டத்தான் மாட்டேங்குறாக.”