சுரண்டி அக்கா சுரண்டமாட்டாள்

மரச்சாமான்களை வாடகைக்கு விடும் அந்தக் கிடங்கில் எல்லோரும் அவளைச் சுரண்டி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவனை அவள் சும்மா விட்டதில்லை. "சுரண்டுறவன் முட்டாள். நான் உரிக்கிறவ" என்பாள். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எவனாவது கேட்டுவிட்டால் போச்சு, அவனுடைய அரை நாள் வேலை கெட்டது.

வாடகை முடிந்து வரும் கட்டிலோ மேசையோ போன மாதிரியே திரும்பி வருவதில்லை. குழந்தைகள் உள்ள வீடென்றால் நட்சத்திரம், பூனை, பேய் என்று ஸ்டிக்கர்கள். சாமான் ஏற்றுகிற ஆட்கள் தங்கள் பங்குக்கு, கண்ணாடியே இல்லாத பெஞ்சில் 'கண்ணாடி, கவனம்' என்று ஒட்டி அனுப்புவார்கள். அத்தனையையும் எடுப்பது அக்காவின் வேலை. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டுவாள். பசை இளகியதும் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெல்ல இழுப்பாள். மிச்சமிருக்கும் பிசுக்கின் மேல் எண்ணெய்த் துணியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவாள். வந்து பழைய பஸ் பாஸ் அட்டையால் ஒரு தள்ளு, ஈரத்துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் இன்னொன்று. அவசரப்பட்டுப் பெயின்ட் கரைக்கிற தின்னரைத் தூக்கி வந்தவனை வாயாலேயே வாசல் வரை விரட்டியிருக்கிறாள். தின்னர் பட்டால் பிசுக்கோடு பாலிஷும் கழன்று வந்துவிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற புத்தி அது.

அவளுக்கு இது வேலை மட்டுமில்லை, வியாதியும்கூட. ஸ்டிக்கரைக் கண்டால் கை பரபரக்கும். ஒரு தடவை நாத்தனார் வீட்டுக்குப் போனவள், அவர்கள் காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் புது ஃப்ரிட்ஜில் இருந்த அத்தனையையும் உரித்து உருட்டி வைத்துவிட்டாள், கியாரண்டி ஸ்டிக்கர் உட்பட. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் புருஷன் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். இந்த வயதிலும் இப்படி ஓர் அன்னியோன்னியமா என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

இப்படிப்பட்டவள் இருக்கும் கிடங்குக்கு வந்த புது மேனேஜர் என்ன செய்தான் தெரியுமா? அறுபத்துமூன்று சாமான்களிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினான். அதுவும் மேசையின் நட்டநடுவில், கட்டிலின் நெற்றியில்.

"தம்பி, அடியில ஒட்டுங்க. மூடின இடம் மட்டும் வெளிச்சம் படாம வேற நிறமா நின்னுடும். ஒரு வருஷம் கழிச்சு எடுத்தா நடுவுல கட்டமா தெரியும். அதுக்கு எந்த எண்ணெயும் கிடையாது."

"ஒவ்வொண்ணுக்கும் குனிஞ்சு படிக்க என்னால முடியாதுக்கா."

"உங்களுக்குக் குனிய முடியலன்னா மேசைக்கு அம்மை போடணுமா?"

மேனேஜர் காதில் வாங்கவில்லை. ஆறு மாதம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வருஷக் கடைசி என்று சாமான்கள் எல்லாம் கிடங்குக்குத் திரும்பியிருந்த நேரம், அவன் ஒரு கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டுப் போனான். அவ்வளவுதான். நான்காம் நாள் சாயங்காலம் அறுபத்துமூன்றிலும் ஒரு ஸ்டிக்கர் இல்லை; மூலையில் போர்வை போர்த்திய ஒன்றைத் தவிர எல்லாம் வழவழவென்று குளித்துவிட்டு வந்த பிள்ளைகள்போல் நின்றன. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை மேனேஜர் வந்தான். பார்த்தான். ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து முதலாளியும் வந்து சேர்ந்தார், வருஷக் கடைசி கணக்கெடுப்புக்கு.

"எது எந்த நம்பர்னு இப்ப எப்படிய்யா தெரியும்?" என்று அவர் கேட்டார். மேனேஜர் அக்காவைக் கைகாட்டினான். முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "உரிச்சது நீதானே? நீயே சொல்லு. பட்டியலோட ஒண்ணு ஒத்துப்போகலைன்னாலும் நாளையிலிருந்து வராதே."

அக்கா யோசித்துப் பார்த்தாள். வேறு எந்த ஊரில், எந்தக் கடையில், உரிப்பதற்கென்று ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பார்கள்? அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை இது. அவளுக்குப் பிடித்த ஒரே வேலையும் இதுதான்.

முதல் கட்டிலருகே போய் நின்றாள். விரல் தானாகத் தலைமாட்டைத் தடவியது.

"இது பல் டாக்டர் வீட்டுல இருந்து வந்தது. பதினோரு நட்சத்திரம், இருட்டுல மின்னுற ரகம். ரெண்டு நாள் என் உசுரை வாங்குச்சு."

எந்த நம்பர் யார் வீட்டுக்குப் போய் வந்தது என்று எழுதியிருந்த பட்டியலை மேனேஜர் பார்த்தான். "பல் டாக்டர்... சரிதான் சார், ஒண்ணாம் நம்பர்."

"இந்த அலமாரி நர்ஸம்மாவோடது. கதவு உள்பக்கம் மாத்திரை நேரம் எழுதி ஒட்டியிருந்தாங்க. இந்த நாற்காலி டியூஷன் வாத்தியார் வீட்டுது. கைப்பிடிக்கு அடியில பபிள்கம் ஏழு. அது என் டிபார்ட்மென்ட் இல்ல, இருந்தாலும் எடுத்தேன்."

மேனேஜர் டிக் போட்டுக்கொண்டே வந்தான். இருபது தாண்டியதும் பட்டியலை முன்கூட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் வாயையே பார்க்க ஆரம்பித்தான். முதலாளி ஒரு சோபாவில் உட்கார்ந்து கதை கேட்கிறவர்போல் கால்மேல் கால் போட்டார். அறுபத்திரண்டு முடிந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

பாக்கி ஒன்று. மூலையில் சுவரோடு ஒட்டித் தள்ளி, மேலே பழைய போர்வை போர்த்தியிருந்த சாப்பாட்டு மேசை. போர்த்தியவள் அக்காதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான் அது, வேறென்ன!

"நாற்பத்தொண்ணாம் நம்பர், தேக்கு மேசை" என்று மேனேஜரே எடுத்துக்கொடுத்தான். "ஆமாம்னு சொல்லுங்கக்கா, முடிஞ்சுது."

ஆமாம் என்று சொன்னால் போதும். வேலை தப்பியது. ஆனால் அக்காவின் வாய் இருக்கிறதே, அது அவள் பேச்சை என்றைக்குக் கேட்டது? நுணலும் தன் வாயால் கெடும்.

"இது நம்ம மேசை இல்லை" என்றாள்.

போர்வையை இழுத்தாள். மேசையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்பளம்.

"நான்தான் பண்ணேன். சூடு காட்டினதும் எழும்பிருச்சு. பயந்து மூடி வச்சேன். ஆனா நிஜத் தேக்கு இப்படி எழும்பாது ஐயா. உள்ள மலிவுப் பலகை, மேல தாள் கனத்துல தேக்குத் தோல். நம்ம ஸ்டிக்கரையும் யாரோ கிளப்பி, வேற பசை தடவி இதுல ஒட்டியிருக்காங்க. அடியில பசை ரெண்டு நிறமா இருந்துச்சு."

"கடைசியா யார் வீட்டுக்குப் போச்சு?" என்று முதலாளி கேட்டார்.

மேனேஜர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தான். "உங்க மச்சினன் வீட்டுக்கு சார்."

முதலாளியின் மனைவிக்குத் தன் தம்பி என்றால் உயிர். அவன் இதுவரை வாங்கிப்போய்த் திருப்பித் தராத கார், டிவி, ஏணி எல்லாவற்றுக்கும் அவள் சொல்லும் ஒரே பதில், 'அவன் பச்சைப் புள்ளைங்க.' பச்சைப் பிள்ளைக்கு வயது நாற்பத்தாறு.

"ஏம்மா, இதையும் நம்மதுன்னே சொல்லிடேன்" என்றார் முதலாளி, குரல் இறங்கி. "மலை ஏறினாலும் மச்சான் தயவு வேணும்பாங்க."

"நீங்க வேலையை விட்டு அனுப்பினாலும் சரிங்கய்யா. பொய்த் தேக்கை என் வாயால தேக்குன்னு சொல்லமாட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

முதலாளி கொப்பளத்தைத் தடவிப் பார்த்தார். அவளையும் பார்த்தார். பிறகு சோபாவை விட்டு எழுந்தார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெடியா இரு. மச்சினன் வீட்டுக்குப் போறோம். அங்க இருக்கற நம்ம நிஜ மேசையைத் தடவிப் பார்த்து, இப்ப சொன்னியே, அதே மாதிரி என் பொண்டாட்டி முன்னாடி சொல்லு. இருபது வருஷமா எனக்கு வாய் வரலை."

"அப்ப வேலை?"

"உன்னை அனுப்பிட்டா இதை யார் சொல்லுவா?"

அக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் முதலாளியம்மாவின் முகத்தை நினைத்ததும் மறுபடி தொண்டைக்கு ஏறி நின்றது. வேலை போயிருந்தாலே நிம்மதியாக இருந்திருக்கும்போலிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.