ஜன்னல் மாடு

நேற்று மத்தியானம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததில் பிரிட்ஜுக்குள் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு வழிந்திருந்தது. அந்தப் புளிப்பு மூக்கில் ஏறியதும், எதையும் தொடாமலே கையை முழங்கைக்கு மேலே கழுவ வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி, மாவை நான்தான் என்னவோ செய்துவிட்டேன் என்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். ஒரு காலத்தில் தினமும் அதற்கு முன்னால் நின்றுதான் சம்பளம் வாங்கினேன்.

அப்போது சங்கரன்கோவிலுக்கு வெளியே, புளியங்குடி பஸ் வேகம் பிடிக்கிற இடத்தில், மாணவர்கள் படிக்கிற கால்நடை ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதில் நான் டெக்னீசியன். பெயர்தான் பெரிசு. மாட்டைக் கட்டுவது, குழாய் விடுவது, மாணவர்களின் வெள்ளைக் கோட்டில் படாமல் மிச்சச் சாணியை என்மேல் வாங்கிக்கொள்வது. டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்: "மாடு பொய் சொல்லாதுப்பா. கூட வர்றவங்களைக் கவனி."

அங்கே ஒரு பசு இருந்தது. நோயாளி இல்லை, எங்களோடு வேலை பார்த்தது என்றே சொல்லலாம். இடது விலாவில் வட்டமாக ஒரு ஓட்டை, அதற்கு ரப்பர் மூடி. மாணவர்கள் கையை உள்ளே விட்டு, தீனி செரிக்கிற விதத்தைப் படிப்பார்கள். வேறு மாட்டுக்கு வயிறு கெட்டுவிட்டால், இதன் வயிற்றுநீரைப் பிழிந்து அதற்கு ஊற்றுவோம், பாலுக்கு உறை விடுகிற மாதிரி. பையன்கள் அதற்கு ஜன்னல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் காதை ஆட்டும்.

இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு நாள் காலை பேச்சியம்மாள் அக்கா தன் செவலைப் பசுவை குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தாள். அந்த வீட்டில் அது ஒன்றுதான் மாடு. வயிறு மத்தளமாய் நின்றது. கால் தள்ளாடியது. வாய்ப்பக்கம் குனிந்தேன், நேற்றைய மாவின் இதே வாடை.

"என்ன தீனி வச்சிய?"

"எப்பவும் போலத்தான். வைக்கோலு."

வைக்கோல் தின்ற வாய் இப்படி நாறாது. என் முகத்தை அவள் படித்துவிட்டாள். நான் அவள் முகத்தைப் படிப்பதற்குள் அவள் கண் கொட்டகைக்குப் போனது. அங்கே ஒரு பையன் ஜன்னலின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு நின்றான்.

"ஏ தம்பி! அங்கன என்னத்தப் பண்ணுதான் அவன்?"

விளக்கினேன். விளக்க விளக்க அவள் கை கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தது. நான் மறுமுனையைப் பிடித்தேன். இருவருக்கும் நடுவில் செவலை ஆடிக்கொண்டு நின்றது. இப்போது வண்டி ஏறினால் அது வீடு போய்ச் சேராது.

"யக்கா, ஒங்க மாட்டுல ஓட்டை போட மாட்டோம்."

"போடுதவன் போடுவேன்னு சொல்லிட்டா போடுவான்? அதுக்கு நோவு இல்லன்னு ஒனக்கு யாரு சொன்னா, அதுவா?"

ஒரு மாணவி சிரித்துவிட்டாள். "நீங்களே கைய விட்டுப் பாருங்கக்கா" என்று கையுறையை நீட்டினேன். அக்கா அதை ஒதுக்கிவிட்டு, வளையலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையை உள்ளே விட்டாள். ஜன்னல் திரும்பிக்கூடப் பார்க்காமல் அசைபோட்டது. அக்கா அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், திருடனைப் பார்க்கிற மாதிரி.

"சுடுதுலே," என்றாள். கையை வெளியே எடுத்து, குரலைத் தாழ்த்தி, "கல்யாண வீட்டுச் சோறு. மிஞ்சிக் கெடந்துச்சு. ரெண்டு வாளி நெறைய வச்சிட்டேன்."

"இத மொதல்லயே சொன்னா என்னக்கா?"

"சொன்னா, இது தேறாது, படிக்கிற பிள்ளைகளுக்கு அறுத்துப் பாக்கக் குடுத்துட்டுப் போன்னு சொல்லிருவியளாம். ஊர்ல பேசிக்கிட்டாக."

அப்புறம் வேலை நடந்தது. குழாய் விட்டுச் சோற்றைக் கழுவி இறக்கினோம், சோடா உப்புக் கரைசல் கொடுத்தோம், நரம்பில் மருந்து ஏற்றினோம். கடைசியில் ஜன்னலின் வயிற்றுநீர். ஒவ்வொன்றையும் அக்கா முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடச் சம்மதித்தாள். சில நாளில் செவலை அசைபோட்டது. வண்டியில் ஏற்றும்போது எங்களுக்கு நன்றி சொல்வாள் என்று நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தேன். அவள் மாட்டின் இரண்டு விலாவையும் உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். தையல் எதுவும் தட்டுப்படவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தாள். வண்டி போய்விட்டது.

ஆஸ்பத்திரி வேறு ஊருக்குப் போய்விட்டது. ஜன்னல் நின்ற கொட்டகையில் இப்போது சிமென்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கயிற்றை விடாமல் அப்படிக் கேள்வி கேட்கிற ஆளை நான் பார்த்தும் ரொம்ப நாளாகிறது. போன மாதம் எனக்கே வயிற்றில் வலி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். சட்டையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். ஒருவர் மாற்றி ஒருவர் அமுக்கினார்கள், கிடந்தேன். எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு விலாவையும் தடவிப் பார்த்துக்கொண்டேன்.