பேச்சியம்மா வீட்டுக்குக் குழி வேண்டாம்னு சொன்னேன்

வீட்டுக்குள்ள தண்ணியக் கொண்டு வாரதுக்கு எந்த பிளம்பரும் போதும். வந்த தண்ணி எந்த வழியாப் போகும்னு கேட்டாத்தான் எங்களுக்கு வேர்க்கும். இருபது வருசத்துக்கு மேலா ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல வண்டியில அலைஞ்சு பிளம்பர் வேலை பாத்துப் பொழைக்கேன். நான் சொல்லப்போற ஆபீஸ் எந்த ஊருன்னு மட்டும் கேக்காதீய, நாளைக்கும் நான் அங்கதான் போய் நிக்கணும். வீடு கட்டி நொந்தவிய, கட்டிக்கிட்டே நோவுறவிய எல்லாரும் செத்த நேரம் உக்காந்து கேளுங்க.

வாயக் கொடுத்தது

பேச்சியம்மா பேண்டேஜ் துணி நெய்யுற கம்பெனியில வேலை பாக்குற பொம்பளை. புருசன் இல்ல. ஒரே மக மாரீஸ்வரியை மகாராஜபுரத்துல கட்டிக் கொடுத்திருக்கு. ரெண்டு சென்ட் எடத்துல வீடு கட்டுச்சு. பின்பக்கம் செப்டிக் டேங்க்குக்குன்னு கொஞ்சம் எடம் விட்டிருந்தாவ. அதப் பாத்துட்டு சும்மா இருந்திருக்கலாம். தெருவுல அப்பத்தான் பாதாளச் சாக்கடைக் குழாயப் பதிச்சு, மூடியும் போட்டிருந்தாவ. "ரோட்டுலயே குழாய் வந்தாச்சு, இனி எதுக்குத்தா குழி? அந்த எடத்தையும் சேத்து அடுப்படியப் பெரிசாக் கட்டு. வீடு முடியவும் நான் கனெக்சன் வாங்கித் தாரேன்"னு அளந்துவிட்டேன்.

எங்க தொழில்ல இது ஒரு வியாதி. மனுவே போட்டிருக்க மாட்டோம், அதுக்குள்ள நாங்களே அனுமதி கொடுத்துருவோம். அந்தம்மா ஒரு கேள்வி கேக்கல. மக தலைப்பிரசவத்துக்கு வந்து தங்குறது இந்த வீட்டுலதான்னு அதுக்கு ஒரே நெனப்பு.

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்ணே? நீங்க சொன்னபடியே கட்டிருதேன்."

சுவத்துல ஒட்டுன தாள்

வீடு முடிஞ்சு, மனுவ எழுதிக்கிட்டு முனிசிபல் ஆபீசுக்குப் போனா, சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு. அந்தப் பகுதியில மறு உத்தரவு வரைக்கும் புது இணைப்பு கிடையாது. குழாய்க்குத் திட்டம் போட்டப்ப இருந்த வீடு எம்புட்டு, இப்ப முளைச்சிருக்க வீடு எம்புட்டு! பம்பிங் ஸ்டேசன் தாங்கலயாம், பெரிசாக்குன பொறவுதான் மத்தது எல்லாமாம். ஒரு தடவை வாசிச்சேன். கண்ணாடியத் தொடச்சுப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவை வாசிச்சேன்.

சீட்டுல இருந்த பொண்ணு நல்ல பிள்ளை. எரிஞ்சு விழல. நான்தான் விடாம, "ஒத்தப் பொம்பளம்மா, ஒரே ஒரு கக்கூசு, ரெண்டே பேரு"ன்னு கெஞ்சிக்கிட்டே நின்னேன். வரிசையில எனக்குப் பின்னால நின்ன ஆளு கூட எனக்காக உச்சுக் கொட்டுனாரு. அந்தப் பொண்ணு மனுவத் திருப்பி என் கையிலேயே கொடுத்துச்சு.

"டவுன் பஸ்ஸுன்னா படியில தொங்கிக்கிட்டாவது போலாம் சார், குழாய்க்குள்ள எங்க தொங்குறது?"

பால்கோவாக் கடையில மாட்டுனது

அதுக்குப் பொறவு நான் பேச்சியம்மாவுக்கு ஒளிய ஆரம்பிச்சேன். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். ஷிப்ட் விடுற நேரம் அவிய கம்பெனி ரோட்டுப் பக்கமே போகமாட்டேன். போனை எடுத்தாலும், "பேசியிருக்கேன்த்தா, இன்னைக்கு நாளைக்குள்ள முடிஞ்சிரும்"னு அதே பொய்தான். சோறு எறங்கல. எம் பொண்டாட்டி எனக்குச் சுகர் கூடிப்போச்சுன்னு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா.

ஒருநா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில பால்கோவா வாங்க நிக்கேன், பக்கத்துல அந்தம்மா! சம்பந்தி வீட்டுக்குக் கொண்டு போக வாங்க வந்திருக்கு. வளைகாப்பு முடிச்சு, அடுத்த வாரத்துக்கு அடுத்த புதன்கிழமை மகளைக் கூட்டியாரதா நாள் வச்சாச்சாம். வாடகை வீட்டையும் காலி பண்ணியாச்சாம். அந்தம்மா சத்தம் போடல, சின்னக் குரல்லதான் கேட்டுச்சு.

"நானாவது கம்பெனியில போய்க்கிடுதேன்ணே, வாயும் வயிறுமா இருக்கவளை நான் எங்க அனுப்புவேன்?"

சொட்டு நீலம்

பேச்சியம்மா தெருவுல பள்ளமான கடைசி வீடு, ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார் தாவீது சாரோடது. நான் அவர்ட்டப் படிச்சவன். அவரு வீட்டுக் குளியலறையில அடிக்கடி சாக்கடை பொங்குதுன்னு புகார். எனக்கு ஒரு நப்பாசை. அவரு வீட்டுக் குழாய்லதான் அடைப்புன்னு நிரூபிச்சுட்டா, தெருக் குழாய்ல எடம் இருக்குன்னு ஆபீஸ்ல சண்டை போடலாம்ல?

எங்க தொழில்ல வழி கண்டுபிடிக்கச் சாயம் ஊத்துவோம். மேட்டுல இருக்க முதல் வீட்டுல கேட்டுக்கிட்டு, கக்கூஸ்ல ஒரு பாட்டில் சொட்டு நீலத்தை ஊத்தி, நாலு வாளித் தண்ணியும் விட்டேன். சார் வீட்டையும் தாண்டி இருக்க மேன்ஹோல்ல நீலம் ஓடிட்டா, தெருக் குழாய் சுத்தமா இருக்குன்னு அர்த்தம். சாமியெல்லாம் கும்பிட்டுக்கிட்டு அங்க போய்ப் பாத்தேன். நீலத்தக் காணோம். செத்த நேரத்துல சார் வீட்டுக்குள்ளருந்து கூப்பாடு. ஓடிப் போய்ப் பாத்தா, குளியலறை பூரா நீலம், கொடியில கெடந்த வேட்டி நுனியும் நீலம். அடைப்பும் இல்ல ஒண்ணும் இல்ல. தெருக் குழாய் தொண்டை வரைக்கும் நெறஞ்சு, பள்ளத்து வீட்டுல கக்குது.

"ஏலே, தெருவே குளிச்சுட்டு எங்க வீட்டுக்கு அனுப்புதுன்னு நான் சொன்னப்ப சிரிச்சியே, இப்ப சிரி பாப்போம்."

ஞாயித்துக்கிழமை மத்தியானம்

எங்கூட்டாளி சங்கரலிங்கமும் பிளம்பர்தான். "திருட்டுக் கனெக்சன் கொடுத்துருவோம்லே. ரெண்டடிக் குழாய், ஒரு ஓட்டை, ஒரு சட்டி சிமெண்டு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் தெருவே கறி தின்னுட்டுத் தூங்கும். எவன் பாக்கப் போறான்?"னான். சரின்னுதான் போனேன். இல்லன்னு சொன்னா அது பொய். பேச்சியம்மா வீட்டு முன்னால இருக்க மேன்ஹோல் மூடியக் கடப்பாரையால நெம்பித் தள்ளி, நாத்தம் அடங்கட்டும்னு தள்ளி நின்னு எட்டிப் பாத்தோம். வெயில்ல தண்ணி தளும்பிக்கிட்டு நிக்குது. அசைவே இல்ல.

மாரீஸ்வரி இங்க ஊத்துற ஒவ்வொரு வாளியும் அங்க தாவீது சார் காலடியில போய் நிக்கும். இதுவரைக்கும் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம், இப்ப நானே நீலம் ஊத்திப் பாத்துட்டேனே! ஒரு பக்கம் வயித்துப் பிள்ளைக்காரி, ஒரு பக்கம் வயசான மனுசன். எனக்கு அழுகையே வந்துருச்சு. "மூடுலே, வேண்டாம்"னேன். சங்கரலிங்கத்துக்கு வந்துச்சே கோவம்!

"ஒன் நல்ல மனசக் கொண்டு போய் அந்தம்மா கக்கூஸ்ல ஊத்து, எந்த வழியாப் போகுதுன்னு பாப்போம்."

டைல்ஸ ஒடச்சது

மறுநாள் காலையில நேரா பேச்சியம்மா வீட்டுக்குப் போனேன். "தாயி, கனெக்சன் இப்பக் கிடைக்காது. எப்பக் கிடைக்கும்னும் தெரியாது. இத்தனை நாளும் ஒங்கிட்டப் பொய் சொன்னேன். குழி வேண்டாம்னு சொன்னதும் நான்தான், எந் தப்புதான்"னு படபடன்னு கொட்டிட்டேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தம்மா சுவத்துல சாஞ்சு உக்காந்திருச்சு. பின்னால அடுப்படி, முன்னால படியிறங்குனா ரோடு. குழி தோண்டணும்னா மிச்சம் இருக்கது நடு அறை ஒண்ணுதான். அத நான் சொல்லவும், எந்திருச்சு, பீரோவ நகத்த ஆரம்பிச்சிருச்சு.

கண்ணாடி மாதிரி மின்னுன புது டைல்ஸ நானே ஒடச்சேன். சங்கரலிங்கமும் மொனங்கிக்கிட்டே வந்து சேந்தான். ஆறு நாள் தோண்டி, ரெடிமேட் சிமெண்டு உறைய எறக்கி, அடியும் சந்தும் பூசி, காத்துக்குழாய மொட்டை மாடி வரைக்கும் ஏத்துனோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூடிய வச்சோம். மறுநா மக வாரா. கட்டில் போட அந்த அறையில வேற எடமே இல்ல, மூடிக்கு மேலதான் போடணும். பேச்சியம்மா கட்டிலையும் பாத்துச்சு, மூடியையும் பாத்துச்சு, பொறவு என்னையப் பாத்துச்சு.

"எம் பேரப்பிள்ளை ஒங்க தப்பு மேலதாண்ணே படுத்துத் தூங்கப் போகுது, மூடிய மட்டும் நல்லா இறுக்கமாப் போடுங்க."

இப்ப அந்த வீட்டுக்குப் போற எல்லாரும் நேரா பிள்ளை மூஞ்சியப் பாத்துச் சிரிக்காவ, நான் ஒருத்தன்தான் வாசப்படியிலயே நின்னு மூக்கை உறிஞ்சி மோந்து பாத்துட்டு உள்ள போறேன்.