அண்ணை கட்டித் தந்த வீடு

ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நீளமான வசனத்தை உரத்து வாசித்தேன். பாதியில் மூச்சு முடிந்துவிட்டது. நிறுத்தி, மூச்செடுத்து, மீதியை வாசித்தேன். பிள்ளைகள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

பிறகு வறட்டு இருமல் வந்தது. பின்னேரங்களில் மெல்லிய காய்ச்சல், உடல் உளைவு. கரவெட்டியில் அப்போது மாரிகாலம், ஊரில் பாதிப்பேருக்குத் தடிமனும் இருமலும். மாரி முடிந்தது, மற்றவர்களின் இருமல் நின்றது. என்னுடையது நிற்கவில்லை. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் உடல் நிறை குறைந்துகொண்டு போனது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் ஒருமுறை நின்று இளைப்பாற வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துக்குப் போய் நெஞ்சு நோய் வைத்தியரைப் பார்த்தோம். இளம் பெண். ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்த்தார். சீ.ரி. ஸ்கான் (நெஞ்சைக் குறுக்குவெட்டாகப் படமெடுப்பது) எடுப்பித்தார். படத்தைப் பார்த்த பிறகு நோயைப் பற்றி அவர் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்டார். புறா, கோழி வளர்க்கிறோமா, சுவரில் ஈரம் ஊறுகிறதா என்றெல்லாம் விசாரித்தார். எங்கள் வீடு புது வீடு, ஈரமே இல்லை என்றேன்.

"வீட்டை விட்டு வெளியில போய் நிண்ட நாளுகளில இருமல் எப்பிடி இருந்தது?"

நான் யோசிக்கு முன்னமே என் கணவர் பதில் சொன்னார். மகளின் பிரசவத்துக்காக நாங்கள் கொழும்பில் நின்றதை அவர் நினைவில் வைத்திருந்தார். "அங்கை நிண்ட மட்டும் இருமேல்லை, டொக்டர். வீட்டை வந்து ரெண்டாம் நாள் துவங்கீட்டுது."

நோயின் பெயர் மிகையுணர்வு நுரையீரல் அழற்சி (மூச்சோடு உள்ளே போகும் பூஞ்சணம், பறவை எச்சத்தூள் போன்றவற்றை எதிர்த்து நுரையீரல் வீங்கிப்போவது). நாள்பட்டால் நார்த்தழும்பு (மென்மையான நுரையீரல் இறுகித் தழும்பாவது) விழும். எனக்கு அது விழத் தொடங்கியிருந்தது. அழற்சியைத் தணிக்க ஸ்டீரொயிட் மருந்து தந்தார். "மருந்து பாதி வேலைதான் செய்யும்" என்றார். "நீங்கள் மூச்செடுக்கிற இடத்தை மாத்தாட்டில் இது திரும்பத் திரும்ப வரும்."

அந்த வீட்டைக் கனடாவில் இருக்கிற அண்ணை கட்டித் தந்தார். தூசி உள்ளே வரக்கூடாது என்பது அவருடைய ஒரே பிடிவாதம். திறக்க முடியாத கண்ணாடி யன்னல்கள், அறைகளுக்கு ஏசி, ஓட்டுக்குக் கீழே பலகைச் சீலிங், வீட்டைச் சுற்றி வளவு முழுக்கச் சீமெந்து. ஊரார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமைதான். கண்ணுக்குப் பச்சை வேண்டும் என்று கூடத்துக்குள் பூச்சாடிகளை நிறைத்தது நான். செடிகள் வாட வாட இன்னும் தண்ணீர் ஊற்றினேன்.

ஈரம் எங்கேயென்று பார்க்க மேசன் வந்து என் படுக்கையறைச் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றினார். நான் முகமூடியோடு வாசலில் நின்றேன். பலகையின் மேற்பக்கம் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். ஓடு விலகிய இடத்தால் ஒவ்வொரு மாரியும் மழை இறங்கி, காய வழியில்லாமல் ஊறியிருக்கிறது. அது என் தலையணைக்கு நேர் மேலே. ஏசிக்குள்ளும் கறுப்பு. பூச்சாடி மண்ணிலும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

அண்ணைக்குச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. சீலிங்கையும் யன்னல்களையும் கழற்றப்போகிறோம், சீமெந்தை உடைக்கப்போகிறோம் என்று தொலைபேசியில் சொல்லி முடித்தேன்.

"அம்மா புழுதியில இழுத்து இழுத்துச் செத்தவ எண்டுதானே நான் உப்பிடிக் கட்டினனான்" என்றார்.

அம்மாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா). போரில் இடம்பெயர்ந்து போன வழியில், சனத்தின் கால் கிளப்பிய புழுதிக்குள், மருந்தில்லாமல் உயிர் விட்டவர். அண்ணை அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு நடந்தவர். அவர் அழைப்பைத் துண்டித்தார். பிறகு பல மாதம் என் அழைப்பை எடுக்கவில்லை.

வேலை முடியும் வரை சுன்னாகத்தில் மச்சாள் வீட்டில் இருந்தோம். மருந்தால் முகம் ஊதியது, சீனி வருத்தம் (நீரிழிவு) எட்டிப் பார்த்தது, நித்திரை குழம்பியது. இருமல் மட்டும் குறைந்தது. இந்த மருந்தைத் தொடங்குபவர்கள் கண்ணாடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பயந்து இடையில் நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டில் ஓடுகளை இறக்கி மரங்களைக் காயவிட்டுத் திரும்ப வேய்ந்தார்கள். திறந்து மூடுகிற மர யன்னல்கள் வந்தன. கூரையோரம் காற்றுத் துவாரங்கள் விட்டார்கள். வளவுச் சீமெந்தை அலவாங்கால் பெயர்த்தபோது கீழே மண் வெளிறி இறுகிக் கிடந்தது. ஒரு எறும்புகூட இல்லை. செம்மண் ஏற்றி வந்து பறித்து, செவ்வரத்தை, மாதுளை, வாழை வைத்தோம். பச்சை எல்லாம் வெளியில், வெயிலும் காற்றும் படுகிற இடத்தில் நிற்கட்டும் என்பது வைத்தியரின் சொல். வீட்டுக்குள் ஒரு சாடியும் கூடாது. குப்பையை உக்கவிடக் கூடாது. சருகு கூட்டுவது என் கணவரின் வேலையானது.

திரும்பி வந்த முதல் சித்திரையில் வீடு கொதித்தது. கன்றுகள் நிழல் தரும் அளவுக்கு வளரவில்லை, சீலிங்கும் இல்லை. ஈரத்துவாயைக் கழுத்தில் போட்டபடி, கழற்றிய ஏசியைத் திரும்பப் பொருத்தச் சொன்னேன்.

"சோளகம் பிடிக்கட்டும்" என்றார் கணவர். "அதுக்குப் பிறகும் வேணுமெண்டால் பூட்டுவம்."

சோளகம் (தென்மேல் காற்று) எழும்பியது. ஒரு யன்னலால் வந்து மறு யன்னலால் போனது. புழுதியும் வந்தது. ஈரத்துணியால் துடைத்தோம். ஏசியைப் பற்றி நான் பிறகு கதைக்கவில்லை.

மூச்சுப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் ஏறி, ஓரிடத்தில் நின்றுவிட்டது. "தழும்பு மாறாது. ஆனா கூடவும் இல்லை" என்றார் வைத்தியர். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளப் பழகினேன்.

ஆவணியில் சொல்லாமல் அண்ணை வந்தார். பைகள் காரிலேயே இருந்தன. யாழ்ப்பாண ரவுனில் ஹோட்டலில் அறை எடுத்திருப்பதாகச் சொன்னார். உள்ளே வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். வளவைக் காட்டக் கூட்டிப்போனேன். நான் வழக்கம்போல நடுவழியில் மூச்சு வாங்க நின்றேன். அவர் முன்னே போய்விட்டு, நான் இல்லாததைக் கண்டு திரும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"இப்பவும் இழுக்குதோ?"

"இழுக்கேல்லை அண்ணை. கொஞ்சம் நிண்டு போனால் காணும்."

அதன் பிறகு என் நடைக்கு நடந்தார். மேற்கு மதிலோரம் ஒரு வேப்பங்கன்று, முழங்காலளவு. அதன் முன் நின்றார்.

"இது நிழல் தர எத்தினை வருசம் செல்லும்?"

"அஞ்சாறு வருசம் செல்லும்."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"இருந்து பாப்பம்" என்றேன்.

பின்னேரம் காரிலிருந்து பைகளை இறக்கினார்.

முன்பு என் உடம்பு தோலோடு முடிகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. ஓடு, யன்னல், மதிலோர மண் எல்லாம் என் மூச்சில் சேர்த்தி. ஆண்டையும் நான் கலண்டரில் பார்ப்பதில்லை. சோளகத்தில் எல்லா யன்னலும் திறந்திருக்கும். வாடைக்காற்றும் மழையும் தொடங்க முன் கணவர் கூரையில் ஏறி, விலகிய ஓடுகளைச் சரிபார்ப்பார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன். அதற்குப் போதுமான அளவு மூச்சு இருக்கிறது.